ஆபரேஷனுக்குப் பிறகும் ஜட்டி நனைகிறதா? பிறவிச் சிறுநீர்ப்பைக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சிறுநீர் வழியை மறித்த வால்வை எரித்தாகிவிட்டது, திறந்திருந்த சிறுநீர்ப்பையை மூடியாகிவிட்டது, டாக்டரும் "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். குழந்தைக்கு நாலு வயதாகிறது, ஐந்து வயதாகிறது. ஜட்டி மட்டும் காய்ந்தபாடில்லை. இந்தக் கட்டத்தில் வீட்டில் இரண்டு பேச்சு எழும். ஆபரேஷன் சரியாக நடக்கவில்லை என்பது ஒன்று. பிள்ளைக்குச் சோம்பேறித்தனம், வேண்டுமென்றே போகிறான் என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டுமே உண்மையில்லை. ஆபரேஷன் அடைப்பை எடுக்கும், திறந்ததை மூடும். பிறப்பதற்கு முன்பே மாறிப்போன தசையை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. மீதி வேலை வீட்டில் நடக்க வேண்டும். அதை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

எந்தக் குழந்தைக்கு ஏன் கசிகிறது

ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது மூத்திரக்குழாய் வால்வு. கேஸ் ஷீட்டில் பி.யு.வி. என்று எழுதியிருக்கும். கருவிலேயே ஒரு மெல்லிய சவ்வு வழியை மறிக்கிறது. பை அதை எதிர்த்து மாதக்கணக்கில் முட்டி முட்டிச் சுவர் தடித்துப்போகிறது. பிறந்தபின் சவ்வை எரிப்பது சில நிமிட வேலை. தடித்த சுவர் அதனால் மெலிந்துவிடாது.

அடுத்தது எக்ஸ்ட்ரோபி. அடிவயிறும் பையின் முன்பக்கமும் மூடாமல், பை வெளியே தெரியும்படி குழந்தை பிறக்கிறது. பையை உள்ளே வைத்து மூடுவது முதல் கட்டம்தான். அதற்குப் பிறகு கசிவது எதிர்பார்த்ததே. பையின் கழுத்தை இறுக்கும் ஆபரேஷன் வழக்கமாக நாலைந்து வயதுக்குமேல், பை ஏறக்குறைய 100 மி.லி. கொள்ளும் அளவுக்கு வளர்ந்த பிறகே செய்யப்படும். அதன் பிறகும் காய்ந்திருக்கும் நேரம் மெல்ல மெல்லத்தான் நீளும். மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

மூன்றாவது ஸ்பைனா பைஃபிடா. முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது. கோளாறு பையில் இல்லை, பைக்குப் போகும் நரம்பில். ஆனால் வீட்டில் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றே என்பதால் அதையும் சேர்த்தே பேசுகிறோம்.

முதலில் சிறுநீரகம், பிறகுதான் ஜட்டி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். பையின் வேலை இரண்டு: குறைந்த அழுத்தத்தில் தேக்குவது, முழுதாகக் காலி செய்வது. அழுத்தம் ஏறினால் அது மேலே, சிறுநீரகத்தின் மீது விழுகிறது. குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். அதற்காக உள்ளே அமைதி என்று அர்த்தமில்லை. கசிவும் அப்படித்தான். 1981இல் அமெரிக்க யூராலஜிஸ்ட் மெக்குவையரும் குழுவினரும் ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளிடம் இதை அளந்து காட்டினார்கள்: 40 செ.மீ. நீர் அழுத்தத்துக்குக் கீழேயே கசிந்த பைகளில் சிறுநீரகம் பெரும்பாலும் தப்பித்தது. அந்த அளவைத் தாண்டிய பிறகே கசிந்த பைகளில் கெட்டது. பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனையின் ரிப்போர்ட்டில் 40 என்ற எண்ணை டாக்டர்கள் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

அதனால், நேற்றுவரை நனைந்துகொண்டிருந்த பிள்ளை எந்தச் சிகிச்சையும் மாறாமல் திடீரென்று காய்ந்துவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுங்கள். பை முழுதாகக் காலியாகாமல் சிறுநீர் உள்ளேயே தேங்கிக்கொண்டிருக்கலாம்.

பி.யு.வி. பிள்ளைகளின் ஃபைலில் பார்க்க வேண்டிய இன்னொரு எண் கிரியேட்டினின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை. முதல் வயதுக்குள் அது இறங்கிய மிகக் குறைந்த அளவு 0.8க்குக் கீழே இருந்தால் சிறுநீரகத்தின் எதிர்காலம் பொதுவாக நல்லது. 1க்கு மேலேயே நின்றுவிட்டிருந்தால் சிறுநீரக டாக்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய பிள்ளை அது.

இரண்டு நாள் அளந்து பாருங்கள்

மருந்து கேட்பதற்கு முன் அளவு வேண்டும். "அடிக்கடி போறான், எப்பவும் ஈரம்" என்று சொன்னால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. சனி, ஞாயிறு இரண்டு நாள் ஒதுக்குங்கள். 500 மி.லி. வரை கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்று, சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று, ஒரு நோட்டு. இவ்வளவுதான்.

காலை எழுந்த நேரம் முதல் படுக்கும்வரை, குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு, ஈரமானது எப்போது என்று மணியோடு எழுதுங்கள். பிள்ளை ஜக்கில் போகட்டும். டயப்பர் கட்டும் பிள்ளையானால் புது டயப்பரைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொள்ளுங்கள். நனைந்ததை எடை போட்டுப் புதிதின் எடையைக் கழித்தால் வருகிற கிராம்தான் மி.லி. இரவு டயப்பருக்கும் இதே கணக்கு. மலம் எப்போது, கட்டியா இளக்கமா என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

டயப்பர் பிள்ளைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. விளையாடவிட்டு நாலு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை டயப்பரைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு முறை மொத்தமாக நனைந்து நடுவில் காய்ந்திருந்தால் பை தேக்குகிறது என்று பொருள். எப்போது தொட்டாலும் கொஞ்சம் ஈரம் என்றால் தேக்கவில்லை.

வயதுக்கு எவ்வளவு தேங்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்குங்கள். 6 வயதுக்கு 7 × 30 = 210 மி.லி. பன்னிரண்டு வயதுவரை இது ஓடும். இது ஆரோக்கியமான பையின் கணக்கு. எக்ஸ்ட்ரோபி மூடிய பை இதில் பாதியைத் தொட்டாலே பெரிது. ஆனாலும் உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிய ஓர் அளவுகோல் வேண்டுமே.

ஸ்கேன் எடுக்கும்போது, போன பிறகு உள்ளே மிஞ்சியது எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். பை கொள்ளும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பத் திரும்ப மிஞ்சினால் கவனிக்க வேண்டும். ஸ்கேன் சென்டரில் ஒரு மணி நேரம் அடக்கி வைத்துவிட்டு அவசரமாகப் போகச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நோட்டு என்ன சொல்கிறது

காய்ந்த இடைவெளியே இல்லாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், பையின் வாய் இறுகவில்லை அல்லது பை மிகச் சிறியது. எக்ஸ்ட்ரோபியில் இதுதான் வழக்கம். கடிகாரம் பார்த்துப் போகவைப்பதால் இந்தக் கசிவு நிற்காது. அதற்காகப் பிள்ளையைத் திட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

ஒரு மணி நேரம் காய்ந்து, பிறகு ஓடிப்போவதற்குள் ஜட்டியில் கொட்டிவிட்டால் பை தன்னிச்சையாகச் சுருங்குகிறது. மருந்து நன்றாகக் கேட்கும் வகை இது.

ஒவ்வொரு முறையும் 300, 350 என்று போகிற ஆறு வயதுப் பிள்ளை, முக்கிப் போகிறான், நூல் போல வருகிறது, நடுநடுவே சொட்டுகிறது என்றால் அது ததும்பல். பை தளர்ந்துவிட்டது. பி.யு.வி. பிள்ளைகள் வளர வளர, குறிப்பாகப் பதின்வயதில், இந்தப் பக்கம் சாய்வதுண்டு. சின்ன வயதில் சுருங்கிச் சுருங்கி அடித்த அதே பை பின்னால் ஓய்ந்துபோகிறது. அதனால்தான் "இப்போ சரியாயிடுச்சே" என்று செக்கப்பை நிறுத்தக் கூடாது.

போய்விட்டு எழுந்த பத்து நிமிடத்தில் மறுபடி ஈரம். பி.யு.வி.யில் இதற்குப் பெரும்பாலும் காரணம் பின்னோட்டம்: சிறுநீர் மேலே சிறுநீரகக் குழாய்க்குள் ஏறி, பை காலியானதும் திரும்ப இறங்கிப் பையை நிரப்புகிறது. பெண் குழந்தை என்றால் தொடையை ஒட்டிவைத்து உட்கார்ந்ததில் சிறுநீர் பிறப்புறுப்பின் உள்ளே தங்கி, எழுந்ததும் வடிகிறதா என்று பாருங்கள். ஜட்டியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, தொடைகளை அகட்டி உட்காரவைத்தால் அது ஒரே நாளில் நின்றுவிடும்.

பகலெல்லாம் சரி, இரவில் மட்டும் டயப்பர் தாங்கவில்லை, காலையில் அரை லிட்டர் எடை என்றால், தவறு பையில் மட்டும் இல்லை. வால்வினால் அடிபட்ட சிறுநீரகத்துக்குச் சிறுநீரைச் சுண்டவைக்கத் தெரியாது. தண்ணீர் போலப் பெருகும். இந்தப் பிள்ளைக்குப் "படுக்கையை நனைக்கிறான்" என்று மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்தும் வீடுகள் உண்டு. செய்யாதீர்கள். தண்ணீரை நிறுத்தினாலும் சிறுநீரகம் நிறுத்தாது, உடல்தான் வற்றும். படுக்கை நனைவதற்குக் கொடுக்கும் டெஸ்மோபிரெசின் மாத்திரையும் இங்கே வேலை செய்வது அரிது, ஏனென்றால் அது யாருக்குக் கட்டளை இடுகிறதோ அந்தச் சிறுநீரகத்துக்கே காது கேட்கவில்லை. உப்பைக் குறைத்தால் சிறுநீர் குறையும் என்பது சிலருக்குச் சரி. ஆனால் இவர்களில் சிலருக்கு உப்பும் சேர்ந்தே வெளியே ஓடும். டாக்டர் சொல்லாமல் நீங்களாக உப்பில் கை வைக்க வேண்டாம்.

கடிகாரம் பார்த்துப் போவது

தேக்கவும் வெளியேற்றவும் ஓரளவு முடிகிற பைக்கு முதல் சிகிச்சை இதுவே. அவசரம் வந்த பிறகு ஓடுவதை விட்டுவிட்டு, வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு இரண்டரை மணிக்கு ஒருமுறை போக வேண்டும். நோட்டில் மிகக் குறைந்த காய்ந்த இடைவெளி ஒரு மணி நேரம் என்றால் 50 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்குப் பத்து நிமிடமாகக் கூட்டுங்கள். அதிரும் கைக்கடிகாரம் ஒன்று கட்டிவிட்டால் அம்மாவின் தொண்டைக்கு ஓய்வு.

பி.யு.வி. பையனை நின்று போகவிடாதீர்கள், உட்காரவையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் அடிவயிற்றுத் தசை இறுகிவிடும். பாதத்துக்கு ஒரு முக்காலி வேண்டும். நம் ஊர்க் குந்தும் டாய்லெட் இதற்கு நல்லதுதான். குறை அதில் இல்லை, "சீக்கிரம் வா" என்று வெளியிலிருந்து தட்டுவதில் இருக்கிறது.

இருமுறை போவது என்பது இது: முதல் முறை போய் முடித்ததும் கையைக் கழுவிவிட்டு இரண்டு முதல் ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடக்கட்டும். மறுபடி உட்கார்ந்து, முக்காமல், மெல்ல ஊதியபடி போகட்டும். இரண்டாவது முறை வருவதை ஒரு வாரம் தனியாக அளந்து எழுதுங்கள். முதல் முறை 120, இரண்டாவது 60 என்று வந்தால் பின்னோட்டமோ மிச்சமோ கணிசமாக இருக்கிறது. அந்த எண் டாக்டருக்குப் பொன்.

தண்ணீர்: நாலு முதல் எட்டு வயதுக்கு நாளுக்கு 1 முதல் 1.4 லிட்டர், பகலில் பரவலாக. பள்ளியில் நனைந்துவிடுமோ என்று காலை முழுவதும் குடிக்காமல் இருந்து, வீட்டுக்கு வந்ததும் ஒரேயடியாக ஒரு சொம்பு குடிப்பது பைக்கு மிக மோசமான வழக்கம்.

மலச்சிக்கலை முதலில் தீருங்கள்

மலக்குடலும் பையும் இடுப்பெலும்பு என்ற ஒரே கிண்ணத்தில் இருக்கின்றன. மலம் தேங்கி வீங்கிய குடல் பையை முன்னால் தள்ளுகிறது. பை நிறையத் தேக்காது, முழுதாகக் காலியும் ஆகாது. இதை விட்டுவிட்டுப் பைக்கு மருந்து கொடுத்தால் பாதி பயன்கூட இருக்காது. போதாததற்குப் பை மருந்தே மலத்தைக் கட்டும்.

தினமும் காலை டிபனுக்குப் பிறகோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ பத்து நிமிடம் உட்காரவையுங்கள்; சாப்பிட்டதும் குடல் தானே அசையும். கொய்யா, பப்பாளி, கீரை, சுண்டல் உதவும். கட்டி கட்டியாக வரும் பிள்ளைக்கு அவை மட்டும் போதாது. மலத்தை இளக்க டாக்டர் எழுதும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை ஒரு வாரத்தில் நிறுத்திவிடாமல் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பழகிவிடும் என்ற பயம் தேவையில்லை. ஸ்பைனா பைஃபிடா பிள்ளைகளுக்கு உணர்வே குறைவு என்பதால் குறித்த நேரத்தில் குடலைக் கழுவும் முறையை மருத்துவமனையில் கற்றுக்கொடுப்பார்கள்.

மருந்து

அதிகம் எழுதப்படுவது ஆக்ஸிபியூட்டினின். வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. வரை, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை என்பது வழக்கமான அளவு. 15 கிலோ பிள்ளைக்கு வேளைக்கு ஒன்றரை முதல் 3 மி.கி. சிரப் என்றால் ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்று லேபிளைப் பாருங்கள். கம்பெனி மாறினால் அளவும் மாறலாம். இந்த மருந்து பையைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் ஜட்டி காய்ந்த பிறகும் "இனி எதுக்கு" என்று நிறுத்தக் கூடாது; சிறுநீரகத்துக்காகத்தான் அது ஓடிக்கொண்டிருக்கலாம்.

வாய் வறளும், முகம் சிவக்கும், மலம் கட்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: வியர்வை குறையும். கத்திரி வெயிலில் மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கு உடல் சூடு ஏறி மயக்கம் வரலாம். நிழலும் தண்ணீரும் கொடுங்கள். உச்சி வெயில் விளையாட்டை மாலைக்குத் தள்ளுங்கள். மேலும், தானாகப் போகிற பிள்ளைக்கு இந்த மருந்து தொடங்கிய சில வாரங்களில் மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். தளர்த்துவது காலியாவதையும் கெடுக்கும்.

டியூப் போட்டு எடுப்பது

தானாகக் காலியாகாத பையை நேரத்துக்கு டியூப் விட்டுக் காலி செய்வதே சி.ஐ.சி. பெற்றோர் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். இந்த முறையை 1972இல் மிச்சிகனைச் சேர்ந்த யூராலஜிஸ்ட் ஜாக் லாபிடஸ் வெளியிட்டபோது டாக்டர்களே தயங்கினார்கள், ஏனென்றால் அவர் கிருமியற்ற கையுறை கூட வேண்டாம், சுத்தமான கை போதும் என்றார். அவர் வாதம்: நோய்த்தொற்றுக்கு முதல் காரணம் டியூபில் ஒட்டிய கிருமி அல்ல, தேங்கி விரிந்த பை. நேரம் தவறாமல் எடுப்பதுதான் மருந்து. இன்றுவரை அது நிற்கிறது. இதை மனதில் வைத்தால், வெளியூரில் டெட்டால் இல்லை, கையுறை இல்லை என்று ஒரு வேளையைத் தள்ளிப்போட மாட்டீர்கள்.

அளவு பிரெஞ்ச் எண்ணில் இருக்கும். 3 பிரெஞ்ச் என்பது ஒரு மி.மீ. விட்டம். குழந்தைக்கு 6, சிறு பிள்ளைக்கு 8, பள்ளி வயதில் 8 அல்லது 10, பதின்வயதில் 12. டியூபின் அகன்ற முனையின் நிறமே அளவைச் சொல்லும்: இளம்பச்சை 6, நீலம் 8, கறுப்பு 10, வெள்ளை 12, பச்சை 14. மருந்துக் கடையில் எண் குழம்பினால் நிறத்தைச் சொல்லுங்கள்.

செய்யும் விதம்:

1. கையைச் சோப்புப் போட்டு நகம்வரை கழுவுங்கள். டியூப், ஜெல், ஜக், ஈரத்துணி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் முதலிலேயே வையுங்கள். பாதியில் எழுந்து போகக் கூடாது.

2. பெண் குழந்தையைச் சற்றே சாய்த்துக் கால்களை அகட்டுங்கள். முன்னிருந்து பின்னால் மட்டும் துடையுங்கள். ஆண் குழந்தைக்கு முன்தோலை எளிதாக வருமளவுக்கு மட்டும் பின்னால் தள்ளுங்கள், வராததை இழுக்காதீர்கள். முடிந்ததும் தோலை முன்னால் கொண்டுவர மறந்தால் அது இறுகி வீங்கிவிடும்.

3. டியூபின் முதல் பகுதிக்கு ஜெல் தாராளமாக. தேங்காய் எண்ணெய், வாசலைன் வேண்டாம். தண்ணீரில் கரையும் ஜெல்தான்.

4. பையனுக்கு ஆண்குறியை வயிற்றை நோக்கி நேராக உயர்த்திப் பிடித்து மெல்லச் செலுத்துங்கள். உள்ளே ஓரிடத்தில் தடுக்கும். அது இறுக்கும் தசை. அங்கே நிறுத்தி, பிள்ளையை இருமச் சொல்லுங்கள் அல்லது ஊதச் சொல்லுங்கள். தளர்ந்ததும் தானே போகும். குத்தித் தள்ளினால் காயம்தான் மிஞ்சும்.

5. சிறுநீர் வரத் தொடங்கியதும் இன்னும் ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் தள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். மெல்லிய ஃபீடிங் டியூபைக் கத்தீட்டராக (சிறுநீர் எடுக்கும் டியூபாக) பயன்படுத்தும் வீடுகளில், நிறைய உள்ளே தள்ளியதால் அது பைக்குள் சுருண்டு முடிச்சு விழுந்து, வெளியே எடுக்க ஆபரேஷன் தியேட்டருக்குப் போன கதை மருத்துவ இதழ்களில் பலமுறை வந்திருக்கிறது.

6. நின்றதும் உருவிவிடாமல் அரை அரை செ.மீ.யாக இழுங்கள். அடியில் தங்கியது மறுபடி வரும், அப்போது நிறுத்துங்கள். கடைசிச் சொட்டும் முடிந்ததும் முனையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். அளந்து எழுதுங்கள்.

நாளுக்கு நாலு முதல் ஆறு முறை என்பது பொது விதி. நோட்டுதான் உண்மை விதி. ஒரு தடவை எடுப்பது அந்தப் பைக்கு டாக்டர் சொன்ன அளவைத் தாண்டினால் தண்ணீரைக் குறைக்காதீர்கள், இடைவெளியைக் குறையுங்கள். சிறுநீர் பெருகும் பி.யு.வி. பிள்ளைகளுக்கு இரவு முழுவதும் டியூபை வைத்து, வெளியே மாட்டிய பிளாஸ்டிக் பையில் சிறுநீரை வடியவிடும் முறையும் உண்டு. இரவில் எட்டு மணி நேரம் பைக்கும் சிறுநீரகத்துக்கும் ஓய்வு கிடைப்பதால் பகல் நிலைமையும் பலருக்குத் தேறுகிறது.

பி.யு.வி. பையனுக்கு மூத்திரக்குழாயில் உணர்வு முழுதாக இருக்கும். வலிக்கும், எதிர்ப்பான். அடைப்பால் குழாயின் பின்பகுதி அகன்றிருப்பதால் டியூப் முனை பைக்குள் போகாமல் அங்கேயே வளையும். நுனி சற்று மேல்நோக்கி வளைந்த கத்தீட்டர் இதற்கென்றே வருகிறது, கேட்டு வாங்குங்கள். பையின் கழுத்தை இறுக்கிய எக்ஸ்ட்ரோபி பிள்ளைக்கோ, சர்ஜன் அனுமதி கொடுக்கும்வரை கீழ்வழியாக எந்த டியூபும் போடக் கூடாது. ஊர் நர்ஸ் நல்ல மனதோடு உதவ வந்தாலும் கூடாது.

டியூபைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா? உறையில் ஒருமுறைக்கு மட்டும் என்றுதான் போட்டிருக்கும். செலவு கருதிப் பல மருத்துவமனைகள் கழுவிப் பயன்படுத்தச் சொல்கின்றன. அப்படிச் சொல்லியிருந்தால், எடுத்த உடனே சோப்புத் தண்ணீரில் கழுவி, சிரிஞ்சால் உள்ளே தண்ணீர் அடித்து, உதறி, முழுதாகக் காயவைத்து மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைப்பதுதான் பெரிய தவறு. டெட்டாலில் ஊறவைத்த டியூப் உள்ளே எரிச்சல் தரும். விறைத்தது, மங்கியது, சொரசொரத்தது எதுவானாலும் எறிந்துவிடுங்கள்.

லேடெக்ஸ் ரப்பர் வேண்டவே வேண்டாம். ஸ்பைனா பைஃபிடா, எக்ஸ்ட்ரோபி பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே பல ஆபரேஷன். ரப்பர் ஒவ்வாமை இவர்களுக்கு மிக அதிகம். பிறந்தநாள் பலூனும் அதில் சேர்த்தி.

தொப்புளில் வழி, குடல் ஒட்டுப் போட்ட பை

கீழ்வழி முடியாத பிள்ளைக்குக் குடல்வாலைப் பைக்கும் தொப்புளுக்கும் நடுவே குழாயாக வைப்பார்கள். பிரான்சின் ருவான் நகரத்து சர்ஜன் பால் மித்ரோஃபனாஃப் 1980இல் வெளியிட்ட முறை. அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஏழெட்டு வயதில் பிள்ளை தானே ஜட்டியைக் கழற்றாமல் எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான தொந்தரவு, தோலருகே வாய் சுருங்குவது. டியூப் போக முரண்டு பிடிக்கத் தொடங்கினால் அதே வாரம் காட்டுங்கள்.

பை மிகச் சிறியதாகவோ அழுத்தம் இறங்காமலோ இருந்தால் குடல் துண்டை ஒட்டிப் பெரிதாக்குவார்கள். குடல் எங்கே இருந்தாலும் சளியைச் சுரக்கும். அந்தச் சளி டியூபை அடைக்கும், தங்கினால் கல்லாகும். ஆகவே பையைக் கழுவுவது பல் துலக்குவது போலத் தினசரி வேலை. டியூப் வழியே முதலில் சிறுநீர் முழுவதையும் எடுங்கள். 50 மி.லி. சிரிஞ்சில் நார்மல் சலைன் ஏற்றி மெல்லச் செலுத்தி, இழுங்கள். வருவது தெளியும்வரை திரும்பத் திரும்ப. எத்தனை சிரிஞ்ச் என்பதை உங்கள் சர்ஜன் சொல்வார். ஒரு சிரிஞ்சோடு நிறுத்துவது கழுவியதாகாது. சலைனை வீட்டில் தயாரிக்கச் சொல்லியிருந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. டயப்பர் எடை போட்ட அதே தராசில். அன்றைய மிச்சத்தை மறுநாள் வைத்திருக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேனோடு ரத்தத்தில் கிரியேட்டினின், பைகார்பனேட்டும், சில ஆண்டுகள் கழித்து வைட்டமின் பி12ம் பார்க்க வேண்டும்.

எதற்கு ஓடவேண்டும், எதற்கு வேண்டாம்

டியூப் போடும் பிள்ளையின் சிறுநீரில் கிருமி இருப்பது இயல்பு. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கசிவு கூடவில்லை என்றால் கல்ச்சர் ரிப்போர்ட்டில் என்ன வந்தாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம். வாடை வந்தால் தண்ணீர் கூடுதலாகக் கொடுத்து ஒரு நாள் பாருங்கள். சும்மா சும்மா கொடுத்த மாத்திரை, உண்மையான காய்ச்சல் வரும் நாளில் வேலை செய்யாது. கல்ச்சர் எடுப்பதானால் புது டியூப் போட்டு எடுத்ததைக் கொடுங்கள். தோலில் ஒட்டும் பிளாஸ்டிக் பையில் பிடித்தது பெரும்பாலும் கிருமியைத்தான் காட்டும்.

38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சலும் குளிரும் வந்தால், வாந்தி வந்தால், விலாவில் வலித்தால் அன்றே மருத்துவமனை. டியூப் போகவே இல்லை என்றால் பிள்ளையைப் படுக்கவைத்து, ஜெல் நிறையத் தடவி, ஒரு அளவு சிறிய டியூபால் ஒருமுறை முயலுங்கள். போகாவிட்டால் காலைவரை காத்திருக்க வேண்டாம். குடல் ஒட்டுப் போட்ட பை அளவுக்கு மீறி நிரம்பினால் கிழியும். கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. வயிறு உப்பல், வலி, தோள்பட்டை வலி, வாந்தி, டியூபில் வருவது திடீரென்று குறைவது எல்லாம் அதன் அடையாளங்கள். ஸ்பைனா பைஃபிடா பிள்ளைக்கு வலி சரியாகத் தெரியாது. வெறுமனே சோர்ந்து படுத்திருக்கலாம்.

இரவு டியூட்டியில் இருக்கும் டாக்டர் இப்படியொரு பையைப் பார்த்திராதவராக இருக்கலாம். அதனால் பிள்ளையின் பள்ளிப் பையிலும் உங்கள் பர்ஸிலும் ஒரு அட்டை இருக்கட்டும்: என்ன குறை, என்ன ஆபரேஷன், எந்த வருடம், "பையில் குடல் ஒட்டு உள்ளது, வயிற்று வலி என்றால் பை கிழிந்திருக்கலாம்", கீழ்வழியாக டியூப் போடலாமா கூடாதா, டியூப் எண், கடைசி கிரியேட்டினின், ரப்பர் ஒவ்வாமை, சர்ஜனின் போன் நம்பர். அதே பள்ளிப் பையில் டியூப் இரண்டு, ஜெல் ஒன்று, ஈரத்துணி, மாற்று ஜட்டி, மூடும் கவர். கிளாஸ் டீச்சரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கைக்கடிகாரம் அதிர்ந்தால், கை தூக்காமலே எழுந்து போக அனுமதி.